பதினொன்றா, பன்னிரண்டா

எனக்குக் கோவையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறேன். ஒரு சாயங்காலத்தை மட்டும் மறக்கவில்லை. மறக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாக இருக்கும், இல்லாவிட்டால் அதற்கு அடுத்த வருஷம். பொங்கல் முடிந்த வாரம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ரேஸ்கோர்ஸ் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு திடலில் எங்கள் வட்டாரத்து வாசகசாலைக்காரர்கள் விழா நடத்தினார்கள். அந்த விழாவில் நான் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். பிறந்து வளர்ந்ததெல்லாம் புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். கல்யாணம் ஆனதும் சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில், கடைவீட்டு மாடியில் ஓர் அறைக்குக் குடி வந்தேன். நான் யாரோடும் பேசமாட்டேன். கடைக்குப் போனால் பருப்பு மூட்டையைக் கையால் காட்டுவேன், அப்புறம் விரலைக் காட்டுவேன். அந்தக் கடைக்காரர் கடலோர ஊரிலிருந்து வந்த முஸ்லிம். எல்லாரும் அவரை நானா என்று கூப்பிடுவோம். பாவம், அவரும் என் விரலைப் பார்த்தே நிறுத்துக் கொடுத்துவிடுவார்.

என் வீட்டுக்காரர் ஒரு பூங்காவில் மரங்களுக்குக் கிளை கழிக்கும் வேலை பார்த்தார். காலையில் ஏணி வைத்து ஏறினால் பொழுது சாய்கிற வரைக்கும் மரத்தின் மேல்தான். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் புல்புல்தாராவை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். பலகையில் கம்பி இழுத்துக் கட்டி, டைப் அடிக்கிற மிஷின் மாதிரிப் பொத்தான் வைத்திருக்குமே, அந்த வாத்தியம். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. கல்யாண வீடுகளிலும் விழாக்களிலும் சினிமாப் பாட்டு வாசிப்பார். நானா தபேலா தட்டுவார். இரண்டு பேர்தான் கச்சேரி.

ஆனால் அவர் மனசில் வேறு ஒன்று இருந்தது. மரத்தின் மேல் உட்கார்ந்து அவர் கேட்ட சத்தங்களையெல்லாம் வைத்து, வார்த்தையே இல்லாமல், சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். விடிகிறபோது மைனாக்கள் சண்டை போடுவது, மத்தியானம் பெய்கிற மழை, மழை விட்டதும் இலையிலிருந்து சொட்டுவது, பொழுது சாய்கிற நேரம் என்று ஒரு முழு நாள் அதில் இருந்தது. இரண்டு வருஷமாகப் போட்டார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

"நம்ம பாடுற பாட்டுல ஆறு வருது, மலை வருது, எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்து ஆறும் மலையும்தான். இங்க தலைக்கு மேல இவ்ளோ பெரிய மரம் நிக்குது. இதுக்கு ஒரு பாட்டு இருக்கா சொல்லு."

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

வாசகசாலைச் செயலாளரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "புது மெட்டெல்லாம் வேணாம்லா. சனங்க நாள் முழுக்க வேலை செஞ்சிட்டு வர்றாங்க. நாலு சினிமாப் பாட்டு வாசி, கை தட்டுவாங்க." இவர் விடவில்லை. கடைசியில் நாடகம் தொடங்குவதற்கு முன்னால் பத்து நிமிஷம் தருகிறேன் என்றார் செயலாளர். கூட்டம் எழுந்து போனால் இனிமேல் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று நிபந்தனையும் போட்டார். இவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு வருஷத்து உழைப்புக்குக் கிடைத்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

அந்த மெட்டின் கடைசியில் ஒரு பறவை வர வேண்டும். பொழுது சாய்ந்ததும் டொக், டொக் என்று மரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு பறவை கத்தும். டொக்டொக் பறவை என்போம். தரையில் சருகோடு சருகாக உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அதைத் தபேலாவில் கொண்டுவர நானா என்னென்னவோ செய்து பார்த்தார். வரவில்லை. "மாப்ள, என் தபேலாவுக்கு ரெக்க முளைச்சாத்தான் உண்டு" என்று கையை உதறினார்.

மறுநாள் காலை நான் குளிக்கிற இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் குளியலறைக்கென்று மரக்கட்டைச் செருப்பு இருக்கும். அடி மரம், மேலே ஒரு ரப்பர் பட்டை. தண்ணீர் வடியட்டும் என்று ஒன்றை ஒன்றின் மேல் தட்டினேன். டொக். இவர் சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர், பாதித் தாடையில் சோப்போடு ஓடி வந்தார்.

"இந்தா, இன்னொரு வாட்டி தட்டு."

தட்டினேன்.

"இன்னொரு வாட்டி."

அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். முடியவே முடியாது என்று அழுதேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள், ஒருத்தர் கண்ணிலும் படமாட்டாய் என்று சமாதானம் சொன்னார். வேறு யாரையாவது தட்டச் சொல்லுங்கள் என்றேன். சொல்லிப் பார்த்தார்கள். நானா தட்டினால் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பறவை மாதிரி எனக்குத்தான் வந்தது. நான் அதைக் கேட்டு வளர்ந்தவள் இல்லையா.

ஒத்திகையில்தான் சங்கடம் தொடங்கியது. அவர் மெட்டு எட்டு எண்ணிக்கைத் தாளம். அதனால் ஒவ்வொரு தடவையும் நான் எட்டுத் தட்டு தட்ட வேண்டும், ஒன்பதாவதில் அவர் எடுப்பார். நானும் எட்டெட்டாகத் தட்டினேன். ஆனால் அந்தப் பறவை ஒரு நாளும் அப்படிக் கத்தாது. ஒரு தடவை மூன்று தட்டும். அடுத்த தடவை ஒன்பது. ஒன்றோடு நிறுத்தி ஏமாற்றும். எங்கள் தோட்டத்தில் அதை வைத்துப் பந்தயமே கட்டுவார்கள். பொழுது சாய்ந்ததும் லயன் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் வாசலில் உட்கார்ந்து, அடுத்தது எத்தனை என்று ஆளுக்கொரு எண் சொல்லுவார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் மாதிரிப் பிள்ளைகள் ரப்பர் கொட்டையை வைத்து ஆடுவோம். பை நிறைய ஜெயித்திருக்கிறேன் நான். எல்லாத் தடவையும் எட்டுத் தட்டுகிற பறவை இருந்தால் பந்தயம் எப்படி நடக்கும்?

இதைச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். தாளம் தெரிந்த ஆம்பிளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து விரல் மடக்கிக் கணக்குப் போடும்போது, நாலாவது படித்தவள் குறுக்கே போய் என்ன சொல்வது. ஒரு நாள் அவர் சாப்பிடும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "என்னங்க" என்றேன்.

"என்ன?"

"ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

அவ்வளவுதான் என் தைரியம்.

விழா நாள் வந்தது. எண்ணெய் பீப்பாய்களின் மேல் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு நீலத் திரை. நான் திரைக்குப் பின்னால் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையிலும் இரண்டு கட்டைச் செருப்பு. திரையில் சின்னதாக ஒரு கிழிசல். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். திடல் முழுக்கப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகத்து ஆட்கள், கடைக்காரர்கள், பிள்ளைகளோடு பெண்கள். எங்கள் தோட்டத்து ஆட்களே ஒரு லாரியில் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். ஓரத்தில் கச்சாங் பூத்தே என்கிற கடலை வகைகளை விற்பவர் தட்டைத் தலையிலிருந்து இறக்கி, காகிதப் பொட்டலம் சுருட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

இவர் தொடங்கினார். மைனா போயிற்று, மழை போயிற்று. எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தில் ஒரே பேச்சு. "இது எந்தப் படம்?" என்று ஒருவர் கேட்டார். "படத்துல வராத பாட்டாம்." "அப்ப எதுக்கு வாசிக்கிறான்?" சிரிப்பு. "நாடகம் எப்பப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கிழிசல் வழியாகப் பார்க்கிறேன், நாலைந்து பேர் எழுந்து பாயை உதறுகிறார்கள். செயலாளர் மேடைக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பார்க்கிறார். இவருடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

நானா மைக்கைத் திரைப் பக்கம் திருப்பிவிட்டு எனக்குக் கை காட்டினார். என் முறை.

டொக். டொக். டொக்.

மூன்றுதான் தட்டினேன். அப்புறம் கை வரவில்லை. பாயை உதறுகிற அந்த மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. நானாவின் கை தபேலாவின் மேல் அந்தரத்தில் நின்றது. இவர் விரல் பொத்தான் மேல் நின்றது. சத்தமே இல்லை. தொலைந்தது, இரண்டு வருஷத்தையும் நான் கெடுத்துவிட்டேன். செருப்பைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது முன்வரிசையில் எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சத்தமாகச் சொன்னார். "மூணோட நிறுத்திட்டான் பாரு, திருட்டுப் பய."

தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "அடுத்தது ஏழு. என்னா சொல்ற?"

"போடா, அஞ்சு. ஒரு பொட்டலம் கச்சாங்."

"ரெண்டு பொட்டலம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவரைப் பார்த்தேன். இவர் திரும்பவில்லை. ஆனால் தாளத்தை மறுபடியும் எடுக்கவும் இல்லை. ஒரே ஒரு கம்பியை மெதுவாக மீட்டிவிட்டு, அது ஓய்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்காகக் காத்திருக்கிறார் என்று அந்த முதுகைப் பார்த்தே தெரிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். லயன் வாசலில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு தட்டினேன். ஒன்பது தட்டிவிட்டு நிறுத்தினேன்.

"போச்சு, ரெண்டு பேருக்கும் போச்சு." கூட்டத்தில் ஒரு சலசலப்பு. விஷயம் பாய்க்குப் பாய் பரவியது. விவரம் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். பாயை உதறியவர்கள் மறுபடியும் விரித்து உட்கார்ந்தார்கள். கச்சாங்காரருக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. இவர் நடுவில் கொஞ்சம் வாசிப்பார், நிறுத்துவார். நான் ஒன்று தட்டுவேன். அப்புறம் ஆறு. பிள்ளைகள்கூட விரலை மடக்கிக்கொண்டு எண்ணினார்கள்.

எண்ண வேண்டும் என்றால் பேச முடியாது பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் திடலே அடங்கிவிட்டது. அழுகிற குழந்தையை ஒரு பெண் மார்போடு அணைத்து, "சூ, பறவ வரப்போகுது" என்றாள். அவர் மெட்டின் கடைசிப் பகுதியை, அந்தப் பொழுது சாய்கிற பகுதியை, அந்த அமைதியில்தான் வாசித்தார். அவர் நிறுத்துகிற இடத்திலெல்லாம் வேறு சத்தங்கள் வந்தன. சாக்கடைப் பக்கம் தவளை. திடல் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் காற்று. புல்லுக்குள்ளிருந்து ஏதோ பூச்சி. அதெல்லாம் முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கும். எங்கள் யார் காதிலும் விழவில்லை. முன்வரிசைப் பெரியவர் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்து இன்னும் சில பேர் பார்த்தார்கள். நிஜப் பறவை ஏதாவது பதில் சொல்லுமோ என்று எனக்கு ஒரு ஆசை. ஒன்றும் சொல்லவில்லை. அது பரவாயில்லை.

கடைசித் தடவை நீளமாகத் தட்டினேன். நிறுத்த மனசு வரவில்லை. நிறுத்தியபோது ஒருவரும் கை தட்டவில்லை. இன்னும் ஒன்று வருமா என்று காத்திருந்தார்கள்.

அப்புறம், "பதினொன்னு" என்று ஒருவர் சொன்னார்.

"யோவ், பன்னெண்டு."

"காத கழுவிட்டு வா."

அதற்கப்புறம்தான் கைதட்டல் வந்தது. சண்டையும் கைதட்டலும் ஒன்றாகவே வந்தன. நாடகம் கால் மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது. செயலாளர் இவரிடம் வந்து, "பாட்டு கேட்டாங்களா, சூதாடினாங்களா, ஒண்ணும் புரியலப்பா" என்றார். கொஞ்சம் நின்று, "ஆனா ஒருத்தனும் எழுந்து போகலலா" என்றார். அடுத்த வருஷத்துக்கும் அவரே கூப்பிட்டார்.

நானாதான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "புருசனும் பொஞ்சாதியும் சேர்ந்து தாளத்த கொன்னுட்டீங்க. நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது இவர் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். நான் செருப்பை முந்தானையில் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சந்து முனையில் நின்றார்.

"அது எட்டு தட்டாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே" என்றேன்.

"நான் மரத்து மேல உக்காந்து எல்லாத்தையும் கேட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். பிறகு என் பக்கமாக வந்து, நான் கூடவே வருகிற மாதிரி மெதுவாக நடந்தார். அதற்கப்புறம் புது மெட்டு எது போட்டாலும் முதலில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துவிட்டு, "சொல்லு" என்பார். ஆரம்பத்தில் நல்லாயிருக்கு என்று மட்டும் சொன்னேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, மழை இப்படி நிற்காது, தவளை ஒன்றாகத் தொடங்காது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் திருத்திக்கொள்வார். சில சமயம் சண்டை போடுவார், அப்புறம் திருத்திக்கொள்வார்.

பத்து நாள் கழித்துக் கடைக்குப் போனேன். பருப்பு மூட்டையைக் காட்டினேன். நானா நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, நேத்து நம்ம சந்துச் சலவைக்காரர் வந்தாரு, அன்னைக்குத் திடல்ல உக்காந்து எண்ணினாரே, அவருதான். கல்லறைத் தோட்டத்துப் பக்கம் ஒண்ணு தட்டுதாம். இருபது வருசமா அந்த வழியாத்தான் நடக்கிறேன், இப்பதான் காதுல விழுதுன்னாரு. மனுசன் நின்னு எண்ணிட்டு வந்திருக்காரு."

"எத்தன?" என்று கேட்டுவிட்டேன்.

நானா தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கடையில் நான் வாயைத் திறந்து கேட்ட முதல் வார்த்தை அது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்த்தபோதெல்லாம் தேநீர் வைத்துவிட்டுத் தட்ட மட்டும்தான் செய்வேன், வாயைத் திறக்கமாட்டேன். என் குரலையே அவர் அன்றைக்குத்தான் கேட்டிருப்பார். "பதினாலாம்" என்றார் மெதுவாக, நான் பயந்துவிடக்கூடாது என்கிற மாதிரி.

இதெல்லாம் நடந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கட்டைச் செருப்பு பட்டை அறுந்து எப்போதோ போய்விட்டது. இவரும் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நான் இப்போது மறுபடியும் புக்கிட் பாஞ்சாங்கில்தான் இருக்கிறேன், புளோக் வீட்டில் ஏழாவது மாடி. பின்னால் கொஞ்சம் காடு மிச்சம் இருக்கிறது. தாழ்வாரத்து விளக்கு எரிகிற நேரத்தில் அது தட்டும். நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எண்ணுவேன். என் எண்ணிக்கை தப்பு என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை, அது ஒன்றுதான் குறை. பெரிய மேடைகளில் எத்தனையோ பாட்டுக் கேட்டுவிட்டேன். ஒரு பாட்டு முடிந்த பிறகும் சனங்கள் வெளியே இருக்கிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டதை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். பேசத் தெரியாத என்னையும் ஒரு மனிதர் காத்திருந்து கேட்டார் என்பதும் அன்றைக்குத்தான் நடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைகிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைசியாக நான் தட்டியது பதினொன்று. இது என் கணக்கு. பன்னிரண்டு என்று அவர் சாகிற வரைக்கும் சாதித்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கி, இன்னும் ஒன்று என்று காட்டினார். அன்று அந்தத் திடலில் பாயில் உட்கார்ந்து எண்ணியவர்கள் யாராவது இருந்தால், பிள்ளையாக இருந்து விரல் மடக்கியவர்களாக இருந்தாலும் சரி, எது சரி என்று தெரியப்படுத்துங்கள். வருஷத்தையும் ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லுங்கள். பன்னிரண்டுதான் என்று வந்தால் எனக்கு வருத்தமில்லை. அவர் படத்துக்கு முன்னால் நின்று ஒத்துக்கொள்கிறேன்.